டேம்பர் மக்கர் செய்கிறதா? பழைய எலக்ட்ரிக் பியானோவை வீட்டிலேயே சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

கட்டையிலிருந்து விரலை எடுத்த பிறகும் ஸ்வரம் நிற்காமல் இழுக்கிறது. பக்கத்துக் கட்டையை அழுத்தினால் நாதம் எழாமல் ‘டொக்’கென்று அடங்கிவிடுகிறது. பெடலை மிதித்தால் இடப்பக்கம் கார்வை கிடைக்கிறது, வலப்பக்கம் கிடைக்கவில்லை. 1970களிலோ 80களின் தொடக்கத்திலோ செய்யப்பட்ட எலக்ட்ரிக் பியானோவை வைத்திருப்பவர்கள் இவற்றில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். மூன்றுமே பெரும்பாலும், ஒலியை அடக்கும் டேம்பர் என்ற உறுப்பின் கோளாறுகள். பொறுமை இருந்தால் மூன்றையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

ஆனால் மூடியைத் திறந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், கண்ணில் படுகிற டேம்பரை விரலால் வளைத்துப் பார்ப்பதுதான். ஒரு கட்டையில் இருந்த தகராறு பத்துக் கட்டைக்குப் பரவுவது அங்கேதான். கை வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும்: கோளாறு ஒரு கட்டையிலா, அடுத்தடுத்த சில கட்டைகளிலா, எல்லாக் கட்டைகளிலுமா? ஒன்று என்றால் அந்தக் கட்டைக்குரிய நாடா, ஃபெல்ட், டேம்பர் கை ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வரிசையாகச் சில என்றால் அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் உறுப்பைப் பார்க்க வேண்டும். எல்லாமே என்றால் பெடலில் தொடங்க வேண்டும். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்தக் கேள்வியின் மேல்தான் நிற்கின்றன.

## உங்களிடம் இருப்பது எந்தக் கருவி?

‘எலக்ட்ரிக் பியானோ’ என்ற பெயரில் பல வகைகள் உண்டு. டேம்பர் விஷயத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும்.

ரோட்ஸ்: அமெரிக்கரான ஹெரால்ட் ரோட்ஸ், இரண்டாம் உலகப் போரின்போது காயம்பட்ட வீரர்கள் படுக்கையில் இருந்தபடியே பியானோ பழகுவதற்காக, விமான உதிரிபாகங்களைக் கொண்டு சின்னப் பியானோக்களைச் செய்தவர். பிறகு ஃபெண்டர் நிறுவனத்தோடு சேர்ந்தார். 1965இல் ஃபெண்டரை சிபிஎஸ் வாங்கியது. 73 கட்டைகள் கொண்ட ரோட்ஸ் பியானோ பெருமளவில் சந்தைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு வருவது சூட்கேஸ் மாடல். நான்கு கால்களில் நிற்பது ஸ்டேஜ் மாடல். இந்த வழிகாட்டி முக்கியமாக இவற்றுக்கானது.

வுர்லிட்சர்: 200, 200ஏ மாடல்களில் 64 கட்டைகள். ஒலி எழுப்புவது தட்டையான எஃகு ரீடு. ‘ஒன்றா, வரிசையா, எல்லாமா’ என்ற கேள்வி இதற்கும் அப்படியே பொருந்தும். உறுப்புகளின் அமைப்பு மட்டும் வேறு. ரீடுகளுக்குப் பக்கத்தில் நூறு வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் இருக்கும் என்பதால், திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு நெடுநேரம் காத்திருங்கள்.

ஹோனர் பியானெட்: இதில் தனி டேம்பரும் இல்லை, கார்வைப் பெடலும் இல்லை. ரீடில் ஒட்டிக்கொண்டிருக்கும் திண்டே அதை மீட்டுகிறது, திரும்ப வந்து அமர்ந்து ஒலியை அடக்குவதும் அதுவே. எனவே இழுக்கும் ஸ்வரத்துக்கு அந்தத் திண்டைத்தான் பார்க்க வேண்டும்.

## டேம்பர் எப்படி வேலை செய்கிறது?

ரோட்ஸில் ஒவ்வொரு கட்டைக்கும் ‘டைன்’ எனப்படும் மெல்லிய எஃகுக் கம்பி ஒன்று உண்டு. அதோடு சேர்ந்து அதிர மேலே கனமான உலோகப் பட்டை ஒன்று இருக்கும். அதன் பெயர் டோன் பார். கட்டையை அழுத்தினால் சுத்தியல் கீழிருந்து எழுந்து டைனைத் தட்டும். டைன் நுனியின் அதிர்வை எதிரில் இருக்கும் பிக்கப் மின் அலையாக மாற்றும்.

வாசிக்காத நேரத்தில் டைன் சும்மா இருக்க வேண்டுமல்லவா? அதற்குத்தான் டேம்பர். மிருதங்கத் தோலில் உள்ளங்கையை வைத்து ஒலியை அடக்குவது போல, கம்பளி ஃபெல்ட் ஒட்டிய உலோகக் கை ஒன்று கீழிருந்து டைனை மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். டேம்பர் விலக இரண்டு வழிகள்:

1. நாடா: சுத்தியலையும் டேம்பர் கையையும் ஒரு துணி நாடா இணைக்கிறது. சுத்தியல் எழும்போது நாடா டேம்பரைக் கீழே இழுத்துவிடும். இது கட்டைக்கு ஒன்று.
2. ரிலீஸ் பார்: பெடலை மிதித்தால் ஒரு கம்பி மேலெழுந்து, குறுக்கே ஓடும் நீளமான பட்டையைத் தள்ளும். அந்தப் பட்டை எல்லா டேம்பர்களையும் ஒரே நேரத்தில் கீழே அமுக்கும். இது கருவி முழுவதற்கும் ஒன்று.

ஆக, டேம்பர் ஒன்றுதான். அதை விலக்கும் பாதைகள் இரண்டு. ஒரு பாதையால் இன்னொன்றைச் சோதிக்கலாம். கண்டுபிடிக்கும் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

## தேவையான பொருட்கள்

- நட்சத்திர முனை, தட்டை முனை ஸ்க்ரூடிரைவர்கள்
- மூக்குக் குறடு
- டார்ச், சின்னக் கண்ணாடி
- மெல்லிய மூங்கில் குச்சி (உலோகக் கம்பி வேண்டாம்)
- காகித டேப், பென்சில், நோட்டு
- மென்மையான தூரிகை, தையல் ஊசி
- செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் சொல்யூஷன்

பெங்களூரின் அடுகோடியில் இருப்பவர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. 1951இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனத்தின் ஆலை இங்கே ஓசூர் சாலையில்தான் டீசல் இன்ஜெக்‌ஷன் கருவிகள் செய்துவந்தது. பின்னர் அது பாஷ் என்று பெயர் மாறியது. அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். பியானோ தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அளந்து பார்க்காமல் எதையும் திருகாத கை அவருடையது.

## படி 1: மின்சாரத்தைச் சரிபாருங்கள்

ரோட்ஸ் ஸ்டேஜ் மாடலுக்கு மின்சாரமே வேண்டாம். கிதார் போல ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் போதும். சூட்கேஸ் மாடலோ அமெரிக்க மின்னழுத்தமான 120 வோல்ட்டுக்கு அருகில் இயங்குவது. பெங்களூரின் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் டேம்பரைப் பற்றி யோசிக்க அவசியமே இருக்காது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். பின்பலகையில் எழுதியிருக்கும் வாட்ஸைப் போல இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். மூடியைத் திறக்கும் நேரத்தில் எந்த மாடலாக இருந்தாலும் பிளக் வெளியே இருக்கட்டும்.

## படி 2: எல்லாக் கட்டைகளையும் வாசித்துப் பட்டியல் போடுங்கள்

ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, பெடலைத் தொடாமல், இடமிருந்து வலமாக ஒவ்வொரு கட்டையையும் வாசித்துப் பாருங்கள். அழுத்தி, ஒரு நொடி பிடித்து, விடுங்கள். நோட்டில் மூன்றே குறிகள் போதும்: ‘இழுக்கிறது’, ‘அடங்குகிறது’, ‘சரி’. தகராறான கட்டைகளின் மேல் காகித டேப் துண்டு ஒன்றை ஒட்டுங்கள்.

பிறகு ‘அடங்குகிறது’ என்று குறித்த கட்டைகளை மட்டும் பெடலை முழுதாக மிதித்தபடி வாசியுங்கள்.

- பெடலோடு நன்றாக ஒலித்து, பெடல் இல்லாமல் அடங்கினால் டைனும் பிக்கப்பும் நலம். நாடா டேம்பரை விலக்கவில்லை.
- பெடலோடும் அடங்கினால் டேம்பரைச் சந்தேகிக்க அவசரப்பட வேண்டாம். சுத்தியல், டைன் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.
- காதை அருகில் வைத்தால் ஒலி கேட்கிறது, ஆம்ப்ளிஃபயரில் வரவில்லை என்றால் அது பிக்கப் கோளாறு. இந்த வழிகாட்டிக்கு வெளியே.

‘இழுக்கிறது’ என்று குறித்தவற்றில் இன்னொன்றைக் கவனியுங்கள்: விரலை எடுத்ததும் கட்டை பக்கத்துக் கட்டைகளின் மட்டத்துக்கு முழுதாகத் திரும்புகிறதா? மழைக்காலத்தில் கட்டைக்குள் இருக்கும் துணிப் புஷிங் ஈரத்தில் உப்பிக் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். கட்டை பாதியில் நின்றால் சுத்தியலும் பாதியில் நிற்கும். நாடா டேம்பரை விடாது. அப்படியென்றால் குற்றவாளி புஷிங். கட்டையை எடுத்துப் புஷிங்கை மெல்ல அமுக்கித் தளர்த்தினால் போதும், டேம்பரைத் தொடவே வேண்டாம். எண்ணெயோ துருநீக்கி ஸ்ப்ரேயோ அடிக்கக் கூடாது. துணி அதை உறிஞ்சிக்கொண்டு தூசியையும் சேர்த்து இன்னும் இறுகும்.

## படி 3: எல்லாக் கட்டைகளிலும் கோளாறா? பெடலைப் பாருங்கள்

எல்லாமே இழுத்தாலோ, பெடலால் எதற்குமே கார்வை கிடைக்காவிட்டாலோ மூடியைத் திறக்கும் முன் கீழே குனிந்து பாருங்கள்.

பெடலிலிருந்து ஒரு கம்பி எழுந்து கருவியின் அடிப்பலகையில் உள்ள துளைக்குப் போகிறது. துளைக்குள் இருக்கும் சின்ன மரக்குச்சியை அது தள்ள, மரக்குச்சி ரிலீஸ் பாரைத் தள்ளுகிறது. கம்பியின் நீளத்தைத் திருகால் மாற்றலாம்.

- கம்பி அதிக நீளம்: பெடலை மிதிக்காமலே பார் டேம்பர்களை அமுக்கிக்கொண்டிருக்கும், எல்லா ஸ்வரமும் இழுக்கும். சோதிப்பது எளிது. கம்பியைக் கழற்றிவிட்டு வாசியுங்கள். இழுப்பு நின்றால் விடை கிடைத்துவிட்டது.
- கம்பி நீளம் போதவில்லை: மிதித்தாலும் டேம்பர்கள் அரைகுறையாகவே விலகும்.
- மரக்குச்சி இல்லை: பெடல் வெறுமனே ஆடும், எதுவும் நடக்காது. இடம் மாற்றும்போது விழுந்து தொலைந்திருக்கும். அதே தடிமனில் தச்சரிடம் ஒரு குச்சி செய்துகொள்ளலாம்.

கருவியை அதன் கால்களில் நிறுத்தாமல் சாதாரண கீபோர்டு ஸ்டாண்டில் வைத்திருந்தால் உயரம் மாறியிருக்கும். கம்பியின் நீளத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும். பெடல் தொலைவது நம் ஊர்க் கருவிகளுக்குப் பழைய கதை. வாடகைக்குப் போய் வண்டியேறி வண்டியிறங்கும் எந்தக் கருவியிலும் தனியாகக் கழன்று வரும் உறுப்புதான் முதலில் காணாமல் போகும்.

சரியான நீளத்துக்கு அளவுகோல் இதுதான்: பெடலை மிதிக்காதபோது பார் எந்த டேம்பரையும் தொடக் கூடாது. காலில் கொஞ்சம் வெற்றாட்டம் தெரிந்த பிறகே டேம்பர்கள் அசைய வேண்டும்.

## படி 4: மூடியைத் திறந்து, தொடாமல் பாருங்கள்

மேல் மூடியை எடுத்ததும் டோன் பார்களும் பிக்கப்களும் தெரியும். பிக்கப்பில் சுற்றியிருக்கும் கம்பி தலைமுடி போல மெல்லியது. ஒரு உரசலில் அறுந்துவிடும். மோதிரம், கைக்கடிகாரம், வளையலைக் கழற்றி வையுங்கள்.

டேப் ஒட்டிய கட்டையை மிக மெதுவாக அழுத்திக்கொண்டே டார்ச் வெளிச்சத்தில் கீழே பாருங்கள். சுத்தியல் டைனைத் தொடுவதற்கு முன்பே டேம்பர் விலகியிருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நல்ல கட்டையையும் அதே வேகத்தில் அழுத்தி ஒப்பிடுங்கள். உங்களுக்கு வேறு அளவுகோல் தேவையில்லை.

இழுக்கும் கட்டைக்கு: ஸ்வரம் இழுத்துக்கொண்டிருக்கும்போது மூங்கில் குச்சியால் அந்த டேம்பர் கையை மெல்ல மேலே தள்ளுங்கள். ஒலி உடனே நின்றால் கைக்கு விறைப்பு போதவில்லை, அல்லது நாடா அதைக் கீழே பிடித்து இழுக்கிறது. தள்ளியும் நிற்கவில்லை என்றால் ஃபெல்ட் கெட்டியாகிவிட்டது, அல்லது டைனுக்கு நேராக இல்லை.

இதற்கு மேல் போக டைன்கள் பொருத்தியிருக்கும் முழுச் சட்டத்தையும் தூக்க வேண்டும். இதை ஹார்ப் என்பார்கள். இரு ஓரங்களிலும் அதைப் பிடித்திருக்கும் திருகுகளைக் கழற்றி, ஒலிக்கம்பியைப் பிரித்துவிட்டு, நிமிர்த்தி நிறுத்தலாம். கனமானது என்பதால் கட்டாயம் இரண்டு பேர் வேண்டும். திருகுகளுக்கு அடியில் ஷிம் தகடுகள் இருந்தால் எது எந்தப் பக்கம் என்று குறித்து, மொபைலில் படமும் எடுத்துவையுங்கள். அவை இடம் மாறினால் சுத்தியல் டைனைத் தட்டும் இடமே மாறிவிடும்.

## படி 5: நாடா

‘அடங்கும்’ கட்டைகளில் பெரும்பாலானவற்றின் மருந்து இங்கேதான்.

- அறுந்த நாடா: சுத்தியல் எழும், டேம்பர் நகராது. ஸ்வரம் ‘டொக்’கென்று அடங்கும்.
- தொய்ந்த நாடா: டேம்பர் தாமதமாகவோ அரைகுறையாகவோ விலகும். மெதுவாக வாசித்தால் ‘உஸ்’ஸென்று இரைச்சல் வரும்.
- இறுகிய நாடா: டேம்பரை எப்போதும் கொஞ்சம் கீழே பிடித்திருக்கும். ஸ்வரம் இழுக்கும்.

கட்டை சும்மா இருக்கும்போது நாடாவில் இலேசான தளர்வு இருப்பதே சரி. நாடாவை மாற்ற, பக்கத்துக் கட்டையில் அது எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கிறது, எவ்வளவு நீளம் என்று பார்த்துக்கொண்டு, அதே அகலத்தில் நெய்த பருத்தி நாடாவை வெட்டி அதே முறையில் பசையிட்டுப் பொருத்துங்கள். எலாஸ்டிக் வேண்டாம், நீண்டு கொடுக்கும் எதுவும் டேம்பரைத் தாமதமாகத்தான் இழுக்கும். பசை முழுதாகக் காய்ந்த பிறகே சோதியுங்கள்.

## படி 6: நேர்கோடும் விறைப்பும்

அடுத்தடுத்த சில கட்டைகள் சேர்ந்து இழுத்தால் தனித்தனிக் கைகளை விட்டுவிடுங்கள். டேம்பர் வரிசையைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்து, அந்தப் பகுதி முழுதும் பக்கவாட்டில் நகர்ந்திருக்கும். ஃபெல்ட்டின் நடுப்பகுதி டைனுக்கு நேர் கீழே வரும்படி நகர்த்தித் திருகை இறுக்கினால் எல்லாம் ஒரே நேரத்தில் சரியாகும். சாதாரணமாக வாசிக்கும்போது குறையில்லை, பெடல் மிதித்தால் மட்டும் ஒரு பகுதிக்குக் கார்வை கிடைக்கவில்லை என்றால் ரிலீஸ் பார் அந்த இடத்தில் வளைந்திருக்கிறது, அல்லது அதன் ஓரப் பிடிப்பு தளர்ந்திருக்கிறது.

ஒற்றைக் கட்டையில் நாடாவும் நேர்கோடும் சரியாக இருந்தும் இழுத்தால் அப்போதுதான் விறைப்பு. விரல் நுனியால் அந்தக் கையையும் பக்கத்துக் கைகளையும் மாறி மாறி அமுக்கிப் பாருங்கள். வித்தியாசம் விரலுக்கே தெரியும். வளைப்பதானால் கையின் அடிப்பகுதியில் வளைவு விழ வேண்டும். நுனியில் வளைத்தால் ஃபெல்ட்டின் முகம் சாய்ந்துவிடும். துளி வளைத்து, ஹார்ப்பை இறக்கி, வாசித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி வளையுங்கள்.

எல்லாக் கட்டைக்கும் ஒரே விறைப்பு கூடாது. மந்தர ஸ்தாயியில் டைன் நீளம், அதிர்வு அகலம், எனவே விறைப்பு கூடுதலாக வேண்டும். தார ஸ்தாயியில் டைன் குட்டை. அதே விறைப்பை அங்கே வைத்தால் கட்டை கனத்துவிடும்.

## படி 7: ஃபெல்ட்

பல வருட அழுத்தத்தில் ஃபெல்ட்டில் டைன் பள்ளம் பறித்திருக்கும். பள்ளத்தின் ஓரம் அதிரும் டைனில் உரசினால், விரலை எடுக்கும் கணத்தில் சிதார் போன்ற ‘ஸிங்’ சத்தம் வரும். பள்ளம் ஆழமில்லை என்றால் தையல் ஊசியால் இழைகளைக் கிளறிவிட்டுத் தூரிகையால் துடைத்தால் போதும். கல்லாக இறுகியிருந்தாலோ, பூச்சி அரித்திருந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஃபெல்ட்டையே காணோம் என்றால் கட்டைகளுக்கு அடியில் தேடுங்கள், விழுந்து கிடக்கும்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்த பிறகு, ரப்பர் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி ஒட்டுங்கள். நொடியில் ஒட்டும் பசையைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள். அது ஃபெல்ட்டுக்குள் ஊறிக் கல்லாக்கிவிடும். அடிக்கட்டைகளுக்கும் மேற்கட்டைகளுக்கும் ஃபெல்ட்டின் வடிவமும் அளவும் வேறு. இடம் மாற்றி ஒட்டாதீர்கள். டைனில் துரு சொரசொரப்பாக இருந்தால் புது ஃபெல்ட்டையும் அது தின்றுவிடும். உலர்ந்த துணியால் துடைத்து எடுங்கள். உப்புத்தாளை அழுத்தித் தேய்த்தால் டைனின் சுருதி மாறும்.

## பொருட்கள் எங்கே கிடைக்கும்?

கைவினைக் கடைகளில் வண்ண வண்ணமாகத் தொங்கும் ஃபெல்ட் பெரும்பாலும் பாலியஸ்டர். டேம்பருக்கு நெருக்கமாக அழுத்திய கம்பளி ஃபெல்ட்தான் வேண்டும். அடுகோடியிலிருந்து கிளம்பினால் பாலேபேட்டையில் ஹார்மோனியம் பழுதுபார்ப்பவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம். டிரான்ஸ்ஃபார்மர், ஒலிக்கம்பி போன்றவற்றுக்கு எஸ்.பி. ரோடு. அளவாக வெட்டிய ரோட்ஸ் ஃபெல்ட் தொகுப்பு வேண்டுமென்றால் அமெரிக்காவின் விண்டேஜ் வைப் போன்ற உதிரிபாக நிறுவனங்களிடமிருந்து தருவிக்கலாம். தபால் செலவோடு சுங்க வரியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு ஃபெல்ட்டுக்காக வரவழைப்பதை விடப் பட்டியலை முடித்துவிட்டு மொத்தமாக வாங்குவது மேல்.

## ஒரே பார்வையில்

- எல்லாம் இழுக்கிறது: பெடல் கம்பியைக் கழற்றிச் சோதியுங்கள்.
- பெடல் வேலையே செய்யவில்லை: மரக்குச்சி, கம்பி நீளம்.
- வரிசையாகச் சில இழுக்கின்றன: டேம்பர் வரிசையின் திருகு.
- பெடல் மிதித்தும் ஒரு பகுதிக்குக் கார்வை இல்லை: ரிலீஸ் பார்.
- ஒன்று அடங்குகிறது, பெடலோடு ஒலிக்கிறது: நாடா.
- ஒன்று இழுக்கிறது, கட்டையும் எழவில்லை: புஷிங்.
- ஒன்று இழுக்கிறது, தள்ளினால் நிற்கிறது: இறுகிய நாடா, பிறகு விறைப்பு.
- ஒன்று இழுக்கிறது, தள்ளினாலும் நிற்கவில்லை: நேர்கோடு, பிறகு ஃபெல்ட்.

## பராமரிப்பும் எல்லையும்

ஓசூர் சாலைப் பக்கத்து வீடுகளில் தூசிக்குப் பஞ்சமில்லை. வாசிக்காத நேரத்தில் பருத்தித் துணி போட்டு மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும். மழைக்காலத்தில் வெளிச்சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். சன்னலோர வெயிலும் ஆகாது. படி 2இல் போட்ட பட்டியலைத் தேதியோடு கருவிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். அடுத்த மழைக்காலம் முடிந்ததும் புதிதாக ஒன்று எழுதி ஒப்பிட்டால், எது ஈரத்தால் வந்து போகிற கோளாறு, எது நிரந்தரக் கோளாறு என்பது பிரிந்துவிடும். வந்து போவதற்காக எதையும் வளைக்காதீர்கள்.

மூன்று இடங்களில் நிறுத்திக்கொள்வது நல்லது: டேம்பர் கை ஒடிந்திருந்தால், சுத்தியலின் கீல் வெடித்திருந்தால், ஹார்ப்பின் மரச்சட்டம் கோணியிருந்தால். இவற்றுக்குப் பியானோ மெக்கானிக் தேவை. சென்னையில் 1842 முதல் வரலாறு உள்ள மியூசி மியூசிகல் போன்ற பழைய இசைக்கருவிக் கடைகளில் விசாரித்தால் ஆள் கிடைக்க வாய்ப்புண்டு. கருவியை வண்டியேற்றுவதற்கு முன் பட்டியலையும் படங்களையும் அனுப்பிவையுங்கள். ஸ்டேஜ் மாடலே ஏறக்குறைய 60 கிலோ. வண்டியேறத்தான் வேண்டுமா என்பதை அந்தப் பட்டியலே பெரும்பாலும் சொல்லிவிடும்.